அழைப்பை மறுத்த அணி

நவம்பர் 4

அன்புள்ள அமுக்குணி அக்காவுக்கு,

மூன்று மாதம் முன்னால் பிறந்துவிட்டாய் என்ற ஒரே காரணத்துக்காகத்தான் அக்கா. வேறு மரியாதை எதுவும் எதிர்பார்க்காதே. ஜூலையில் விடுதிப் பள்ளிக்குப் போனவள், நான்கு மாதமாக ஒரு மூச்சுப் பேச்சு இல்லை. போன் செய்தால் வார்டன் எடுத்து, "இப்ப பேச முடியாதுன்னு சைகை காட்டுறாம்மா" என்று வைத்துவிடுகிறார். உனக்குப் போனைக் கண்டாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும், 'ஹலோ'வுக்கே அரை நிமிடம் ஆகும் என்று எனக்குத் தெரியாதா? அதனால்தான் பெரியம்மாவிடம் முகவரி வாங்கி எழுதுகிறேன். எழுத்தில் உன்னை யாரால் அடக்க முடியும்?

விஷயம் இதுதான். இந்த வருடமும் ரோபோ போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறோம். நீ போய்விட்டதால் நான்தான் அணித் தலைவி. சிரிக்காதே. என்னோடு மூன்று பேர்: வயரிங் பார்க்கிறவள், சங்கிலி மாட்டுகிறவள், எதுவும் செய்யாமல் படம் மட்டும் எடுக்கிறவள். பழைய சார் வேலையை விட்டுப் போய்விட்டார். அவருக்குப் பதில் பி.டி. மாஸ்டரைப் போட்டிருக்கிறார்கள். அவர் ரோபோவுக்கும் விசில் ஊதுகிறார். வேதியியல் சாமான் அறையில்தான் வேலை. தொட்டியில் குழாய் மூடாது, வண்டியை ஓட்டிப் பார்க்கும்போதெல்லாம் சக்கரம் நனைந்து வழுக்குகிறது.

இந்த வருடம் பந்துகளைப் பொறுக்கி மூன்று தட்டு அலமாரியில் வைக்க வேண்டும். மேல் தட்டுக்கு மதிப்பெண் அதிகம். அதைவிடப் பெரிய செய்தி, இறுதியில் ஜெயிக்கிற அணிகளின் தலைவர்களுக்குப் பொறியியல் கல்லூரியில் நேரடி இடமாம். பரீட்சை மதிப்பெண் பார்க்க மாட்டார்களாம். என் கணக்கு மதிப்பெண் என்ன என்று உனக்குத் தெரியும். அப்பா தெளிவாகச் சொல்லிவிட்டார். "ஜெயிச்சுட்டு வா, நானே கூட்டிட்டுப் போய்ச் சேக்குறேன். இல்லன்னா அத்தையோட கண்ணாடிக் கடையில போய் உக்காரு." எனக்கு இதைவிட்டால் வேறு வழியில்லை, அக்கா.

விதிப் புத்தகம் வந்திருக்கிறது. அறுபது பக்கம். அட்டையைப் பார்த்ததுமே கொட்டாவி வந்துவிட்டது. போன வருடம் மாதிரி நீயே படித்து எனக்குத் தேவையானதை மட்டும் எழுதிவிடேன்.

இப்படிக்கு,
வாயாடி


நவம்பர் 19

வாயாடிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம் எதுவும் இல்லை.

என் பள்ளியும் போட்டிக்கு வருகிறது. நானும் அணித் தலைவிதான். இங்கே ஏசி போட்ட பட்டறை, தரையில் ஆடுகளத்தின் முழு அளவு மாதிரி, நான்கு ஆசிரியர்கள். யாரும் விசில் ஊதுவதில்லை.

புத்தகத்தைப் படித்துவிட்டேன். உனக்குத் தேவையானது கீழே.

வண்டி எந்தப் பக்கமும் நாற்பத்தைந்து சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. பரிசோதனை மேசையில் பெட்டிக்குள் இறக்கிப் பார்ப்பார்கள், இடித்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். முதல் பதினைந்து விநாடி வண்டி தானாக ஓட வேண்டும், யாரும் ரிமோட்டைத் தொடக் கூடாது. அதற்குப் பிறகு இரண்டு நிமிடம் கையால் ஓட்டலாம். முதல் நாள் சீட்டுக் குலுக்கி ஆட்டங்கள் நடக்கும், அதன்படி வரிசை எண் போடுவார்கள். இரண்டாம் நாள் காலை முதல் எட்டு இடத்தில் இருக்கும் தலைவர்கள் ஆளுக்கு இரண்டு அணிகளைக் கூட்டணிக்கு அழைக்க வேண்டும். முதலிடத்தில் இருப்பவர் முதலில் அழைப்பார், பிறகு இரண்டாமவர், இப்படியே. எல்லாத் தலைவர்களும் களத்தின் நடுவே வரிசையாக நிற்க வேண்டும், கூட ஆசிரியர் வர முடியாது. அழைப்பும் பதிலும் மைக்கில். ஜெயிக்கும் கூட்டணியின் மூன்று தலைவர்களுக்கும் கல்லூரி இடம் உண்டு.

ஆகவே நீ முதல் எட்டில் வர வேண்டியதில்லை. நல்ல அணி ஒன்று உன்னை அழைத்தால் போதும். மேல் தட்டை எட்டும் கை ஒன்று செய். பெரும்பாலான அணிகள் கீழ்த் தட்டோடு நின்றுவிடும். சங்கிலி நழுவினால் இன்னும் இறுக்காதே, மோட்டாரை நான்கு மில்லிமீட்டர் பின்னால் தள்ளி மாட்டு.

மீதிப் பக்கங்களில் சட்டை நிறம், பேட்டரியை எங்கே வைப்பது, இந்த மாதிரிச் சமாச்சாரம்தான். உனக்கு வேண்டாம்.

அக்கா


டிசம்பர் 10

அன்புள்ள அமுக்குணிக்கு,

நான்கு மில்லிமீட்டர்! இரண்டு வாரமாக நாங்கள் அந்தச் சங்கிலியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். நீ பார்க்காமலே சொல்லிவிட்டாய். உன் கடிதத்தை வயரிங்காரி சாமான் அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறாள்.

கை எழும்பிவிட்டது. மேல் தட்டுக்கு மேலேயும் ஒரு சாண் போகிறது. நேற்று பத்துப் பந்தில் ஒன்பது வைத்தேன். பி.டி. மாஸ்டர் ஊதிய விசிலில் பக்கத்து வகுப்பு எழுந்து நின்றுவிட்டது. ஆனால் அந்த முதல் பதினைந்து விநாடிதான் எங்களுக்கு எமன். வண்டி கிளம்புகிறது, நடுவில் யோசிக்கிறது, சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறது. அதற்கெல்லாம் நீ வேண்டும்.

போன வாரம் பயிற்சி ஆட்டத்தில் சிவப்புச் சட்டைக்காரர்கள் வந்திருந்தார்கள். போன வருடம் கோப்பை தூக்கிய பள்ளி. அவர்கள் தலைவன் எங்கள் கையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "உங்க நம்பர் என்ன? நூத்திப் பதினேழா? குறிச்சு வச்சுக்கிறேன்" என்றான். எனக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

அப்பா வேறு ஆள் மாதிரி ஆகிவிட்டார். நேற்று அவரே கல்லூரி விண்ணப்பத்தில் என்னென்ன கேட்பார்கள் என்று விசாரித்துக்கொண்டு வந்தார். போன வருடம் எனக்குக் கிடைத்த சான்றிதழைக் கூடத்தில் நேராக்கி மாட்டுகிறார். அந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? நடுவர்கள் நம் மேசைக்கு வந்தார்கள், நீ விழித்தாய், நான் வெளுத்து வாங்கினேன். நான் உன் வாய், நீ என் மூளை. நீ அங்கே, நான் இங்கே என்பதுதான் பொறுக்கவில்லை.

வாயாடி


ஜனவரி 12

வாயாடிக்கு,

உன்னையும் என்னையும் ஒரே கூட்டணியில் சேர்க்க வழி இருக்கிறது. கவனமாகப் படி.

பயிற்சி முடிவுகளை வைத்துக் கணக்குப் போட்டேன். சிவப்புச் சட்டைக்காரர்கள் முதலிடம், நாங்கள் இரண்டாமிடம். இது மாற வாய்ப்பு மிகக் குறைவு. அவர்கள் முதலில் அழைப்பார்கள், உன் கைக்காக உன்னைத்தான் அழைப்பார்கள். அவர்கள் வண்டி வேகமானது, ஆனால் முதல் பதினைந்து விநாடியில் உன்னுடையதைப் போலவே திணறுகிறது. இரண்டு திணறல்கள் சேர்ந்தால் இறுதி ஆட்டத்தில் நிற்காது. என் வண்டி பதினைந்து விநாடியில் நான்கு பந்து வைக்கிறது, ஒரு தடவைகூடத் தவறவில்லை. மேல் தட்டுக்கு மட்டும் என்னிடம் கை இல்லை.

ஆகவே அவர்கள் அழைத்தால் வேண்டாம் என்று சொல். அடுத்து மைக் என் கைக்கு வரும். நான் உன் எண்ணை அழைப்பேன். இது என் வாக்கு.

முதலிடத்தை மறுப்பதா என்று எல்லோரும் கேட்பார்கள். பதில் சொல்லிக்கொண்டிருக்காதே. இதை யாரிடமும் விளக்கவும் வேண்டாம்.

அக்கா


ஜனவரி 25

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் குதித்ததில் கட்டில் சட்டம் விட்டுப் போயிற்று. கேட்கலாமா என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன், பெரிய பள்ளியில் இருக்கிறவள் நம்மைச் சேர்ப்பாளா என்று கூச்சமாக இருந்தது. நீயே சொல்லிவிட்டாய்.

யாரிடமும் சொல்லாதே என்றாய். பி.டி. மாஸ்டரிடம் மட்டும் சொன்னேன், கோபிக்காதே. அவர் தலையைச் சொறிந்தார். "அது எப்படிம்மா, முதலிடத்துல இருக்கிறவங்க தானா வந்து கூப்பிடும்போது வேணாங்கிறது? அதுக்கு ஏதும் ரூல் இருக்கப் போகுது, பாத்துக்கோ."

"எங்க அக்கா புஸ்தகம் மொத்தமும் படிச்சிருக்கா சார். அவ சொன்னா சரியா இருக்கும்."

"அப்ப சரி" என்று விசிலைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

பிப்ரவரி எட்டாம் தேதி சந்திப்போம். உன்னைக் கட்டிப் பிடிப்பேன், நெளியாதே.

வாயாடி


பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

அன்று உன்னோடு ஒரு வார்த்தை பேச முடியவில்லை. ஆட்டம் முடிந்ததும் உன்னைச் சுற்றி ஒரே கூட்டம். நான் மாடிப் படியிலிருந்து கையை ஆட்டினேன், நீ பார்க்கவில்லை. ஜெயித்ததற்கு வாழ்த்து. மனதாரச் சொல்கிறேன்.

இன்னும் கண்ணை மூடினால் அந்த இடம்தான் வருகிறது. சிவப்புச் சட்டைத் தலைவன் மைக்கில் எங்கள் எண்ணைச் சொன்னதும் மேலே எங்கள் பெண்கள் போட்ட கூச்சல் எனக்குக் கேட்டது. நான் போய், "நன்றி, நாங்க வரல" என்றேன். கூச்சல் பட்டென்று நின்றது. அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை, உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் வேறொரு அணியை அழைத்தான். பிறகு நீ மைக்கை வாங்கி, "நூற்றுப் பதினேழு" என்றாய். நான் ஒரு அடி எடுத்து வைத்துவிட்டேன், அக்கா. அப்போதுதான் அந்த வெள்ளைத் தொப்பி நடுவர் குறுக்கே வந்தார்.

"அந்த அணி ஒரு அழைப்பை மறுத்துடுச்சு. மறுத்த அணியை இனிமே யாரும் கூப்பிட முடியாது. வேற நம்பர் சொல்லும்மா."

எடுத்து வைத்த காலை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நீ வேறொரு எண் சொன்னாய். நான் நடந்து வெளியே வந்தேன். அந்த அரங்கம் அவ்வளவு பெரியது என்று அதற்கு முன் தெரியாது.

பெண்கள் யாரும் என்னோடு பேசுவதில்லை. சங்கிலிக்காரி மட்டும் ஒன்று கேட்டாள். "எங்களை ஒரு வார்த்தை கேட்டியாடி?" பி.டி. மாஸ்டர் திட்டவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. அவரும் உன் பெயரை யாரிடமும் எடுக்கவில்லை, எடுக்க வேண்டாம் என்று நானும் கேட்டுக்கொண்டேன். அப்பா கேட்டார். "முதலிடத்துல இருக்கிறவன் கூப்பிட்டும் வேணாம்னு சொல்ல உனக்கு யாருடி சொல்லிக் குடுத்தது?" நானாகத்தான் சொன்னேன் என்றேன். உன்னைக் காட்டிக் கொடுப்பேனா? அவர் கூடத்தில் இருந்த சான்றிதழைக் கழற்றி அலமாரிக்குப் பின்னால் சொருகிவிட்டார்.

திங்கள்கிழமையிலிருந்து பள்ளி முடிந்ததும் கண்ணாடிக் கடைக்குப் போகிறேன். தேர்வு முடிந்தால் முழு நாளும். இப்போதைக்கு வேலை, கண்ணாடிச் சட்டங்களைத் துடைத்து அடுக்குவது. அத்தை நல்லவர்தான். "ரோபோ எல்லாம் விட்டாச்சா?" என்று ஒரு நாளைக்கு நாலு தடவை கேட்கிறார், அவ்வளவுதான்.

இதையெல்லாம் எழுதுவது உன்னைக் குறை சொல்ல இல்லை. நீயும் அந்த ஒரு விதியைப் பார்க்காமல் விட்டுவிட்டாய். அறுபது பக்கத்தில் யாருக்கும் ஒன்று தவறும். நீ குமைந்துகொண்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். அன்று நடுவர் சொன்னதும் உன் முகம் வெளிறிப் போனதைப் பார்த்தேன். வாதாடத்தான் நினைத்திருப்பாய், பாவம், உனக்குப் பேச்சு வந்திருக்காது. நான் மட்டும் பக்கத்தில் நின்றிருந்தால் உனக்காக நானே பேசியிருப்பேன். மனதில் வைத்துக்கொண்டு அழாதே.

உன்,
வாயாடி


பிப்ரவரி 24

வாயாடிக்கு,

நான் அழவில்லை.

உன் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் விட்டிருந்தால் நீ வாழ்நாள் முழுக்க என்னைப் பார்த்துப் பாவப்பட்டுக்கொண்டே இருந்திருப்பாய். எனக்கு அது வசதிதான். ஆனால் முடியவில்லை.

பக்கம் நாற்பத்தொன்று, மூன்றாவது பத்தி. 'அழைப்பை மறுத்த அணியை வேறெந்தக் கூட்டணியும் அழைக்க இயலாது.' நவம்பரிலேயே படித்தேன். உன் முதல் கடிதம் வந்த அன்று அந்தப் பத்தியின் கீழே கோடு போட்டேன். சிவப்புச் சட்டைக்காரர்களோடு நீ சேர்ந்திருந்தால் ஜெயித்திருப்பாய். உன் கை இல்லாமல் அவர்களால் மேல் தட்டைத் தொட முடியவில்லை, நீயே மாடியிலிருந்து பார்த்திருப்பாய். நான் வாக்குத் தவறவும் இல்லை. அழைப்பேன் என்றேன், அழைத்தேன். உன் எண்ணை இரண்டு மாதம் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பழகினேன். 'நூற்றுப் பதினேழு.' எனக்கு ஒரு எழுத்தில்கூடத் திக்கவில்லை. நீ அதைக்கூடக் கவனிக்கவில்லை.

போன வருடம் நடந்ததை நீ 'வெளுத்து வாங்கினேன்' என்று எழுதினாய். நடந்ததை நான் எழுதுகிறேன். வண்டி எங்கே நிற்க வேண்டும் என்று அதற்கு எப்படித் தெரிகிறது என்று நடுவர் கேட்டார். என்னைப் பார்த்துக் கேட்டார். ஏழு மாதம் நான் எழுதிய நிரல் அது, அதில் உன் ஒரு வரி கிடையாது. எனக்கு முதல் எழுத்து மாட்டிக்கொண்டது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன், எப்போதும் எண்ணுவேன், பதினோரு விநாடி. இன்னும் இரண்டு விநாடியில் வந்திருக்கும். நடுவர் காத்துக்கொண்டுதான் இருந்தார். நீ சிரித்துக்கொண்டே என் தோளில் கையைப் போட்டு, "அவளுக்குப் பேச வராது சார், நான் சொல்றேன்" என்றாய். நான் உனக்குச் சொல்லிக் கொடுத்த வார்த்தைகளையே சொன்னாய். அவர்கள் குறிப்பில் எழுதியதை நம் பழைய சார் எனக்குக் காட்டினார். 'ஒரு மாணவியே முழுப் பொறுப்பையும் ஏற்றுள்ளார். மற்றவர் உதவியாளர்.' சிறந்த மாணவப் பொறியாளர் சான்றிதழ் உனக்கு. சித்தப்பா அதைக் கூடத்தில் மாட்டினார். உங்கள் வீட்டுக்கு வந்தபோதெல்லாம் அதன் கீழே உட்கார்ந்து காபி குடித்திருக்கிறேன்.

கண்ணாடிக் கடையைப் பற்றிப் படித்தபோது எனக்கு என்னவோ செய்தது. பொய் சொல்ல மாட்டேன். கடிதத்தை மூடி வைத்துவிட்டு மன்னிப்புக் கேட்டு எழுதலாம் என்றுகூட நினைத்தேன். திரும்ப எடுத்துப் படித்தால் 'உனக்காக நானே பேசியிருப்பேன்' என்று எழுதியிருக்கிறாய்.

எனக்குக் கல்லூரியிலிருந்து கடிதம் வந்துவிட்டது. ஜூலையில் சேருகிறேன். மதிப்பெண்ணிலேயே எனக்கு இடம் கிடைக்கும், அதுவும் உனக்குத் தெரியும்.

இனி எழுதாதே.

அக்கா


மார்ச் 9

அக்காவுக்கு,

எழுதாதே என்றாய். இதுதான் கடைசி.

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். படித்துவிட்டு அன்று கடை மூடும் வரைக்கும் சட்டம் துடைத்தேன். போன வருடம் நான் செய்தது தப்பு. எனக்குத் தெரியாது, சத்தியமாகத் தெரியாது, உதவி செய்கிறேன் என்றே நினைத்திருந்தேன். தெரியாமல் செய்தாலும் தப்பு தப்புதான். உன் காலில் விழலாம் என்றுகூட இருந்தது. என்னிடம் சொல்லியிருக்கலாம், எழுதியாவது சொல்லியிருக்கலாம், அடித்திருக்கலாம். நீ என்னோடு இன்னும் மூன்று பெண்களையும் கவிழ்த்தாய். வயரிங்காரி இந்த வருடம்தான் பள்ளியில் சேர்ந்தவள், அவளுக்கு உன்னை முன்னே பின்னே தெரியாது. உன் கடிதத்தைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தவள் அவள்.

மறுநாள் விதிப் புத்தகத்தைக் கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். வாடிக்கையாளர் வராத நேரத்தில் உட்கார்ந்து படித்தேன். அறுபது பக்கமும். ஆறு நாள் ஆயிற்று. நீ கோடு போட்ட இடத்தோடு நிறுத்திவிட்டாயோ என்னவோ, பக்கம் ஐம்பத்து மூன்றையும் படித்திருக்கலாம். ஒரு அணி இன்னொரு அணியை ஏமாற்றி அழைப்பை மறுக்க வைத்தது நிரூபணமானால் அதன் வெற்றி ரத்து, கல்லூரி இடமும் ரத்து. ஜனவரி பன்னிரண்டாம் தேதிக் கடிதத்தையும் பிப்ரவரி இருபத்து நாலாம் தேதிக் கடிதத்தையும் போட்டிக் குழுவின் அலுவலகத்துக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். மதிப்பெண்ணிலேயே இடம் கிடைக்கும் என்கிறாய். அதையும் கேட்டேன். ஏமாற்றியதாகப் பெயர் பதிவானவர்களை அந்தக் கல்லூரி எந்த வழியிலும் சேர்த்துக்கொள்ளாதாம்.

எனக்கு இதனால் எதுவும் கிடைக்காது. இடம் அடுத்த கூட்டணிக்குப் போகும், எங்களுக்கு வராது. குழுவின் அலுவலகத்தில் இருந்த அம்மாள் அதை இரண்டு தடவை சொன்னார்கள். "புரிஞ்சுதாம்மா? அப்பவும் புகார் குடுக்கிறியா?" புரிந்தது, கொடுக்கிறேன் என்றேன்.

அதே பக்கத்தின் கடைசிப் பத்தியை உனக்காக எழுதி அனுப்புகிறேன். 'சம்பந்தப்பட்ட தலைவர் குழுவின் முன் நேரில் வந்து வாய்மொழியாக விளக்கம் தர வேண்டும். எழுத்து விளக்கம் ஏற்கப்படாது. அவர் சார்பில் வேறெவரும் பேசக் கூடாது.' அந்த அம்மாள் நல்லவர். "அந்தப் பொண்ணுக்குப் பேசுறதுல ஏதும் சிரமம் உண்டா? இருந்தா சொல்லு, எழுதிக் குடுக்கச் சலுகை வாங்கித் தரலாம்" என்று கேட்டார்கள்.

"ஒரு சிரமமும் இல்லைங்க. என் நம்பரை மைக்குல எவ்வளவு தெளிவா சொன்னா, நீங்களே கேட்டிருப்பீங்க" என்றேன்.

குறித்துக்கொண்டார்கள்.

விசாரணை மார்ச் பதினெட்டு, காலை பத்து மணி, அதே அரங்கம். மற்ற அணிகளும் வரலாமாம். அத்தையிடம் விடுமுறை கேட்டுவிட்டேன். முன்வரிசையில் உட்காருவேன். நீ பேசி முடிக்க எவ்வளவு நேரமானாலும் காத்திருப்பேன், நடுவில் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
உன் தங்கை